மைக்காவைத் துடைத்தவள்

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக உதிரிபாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள்: துடைக்காமல் எதையும் அளக்காதே. அந்தப் பாடத்தை நான் இவ்வளவு நன்றாகக் கற்றிருக்க வேண்டாம்.

மகள் ஆராய்ச்சி மாணவி. இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்குமே மைக்கா, அதன்மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குக் கரிமப் படலம் பூசுகிறாள். மைக்காவில் மின்சாரம் ஓடாது. அதனால் மின்சாரத்தை நம்பிப் பார்க்கும் நுண்ணோக்கி அதற்கு உதவாது. ஊசிமுனையால் மேடுபள்ளத்தைத் தடவிப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கி வேண்டும். அது வேறொரு கல்லூரியில் இருந்தது. இரண்டு மாதம் காத்திருந்து திங்கட்கிழமைக்கு முறை வாங்கியிருந்தாள். மைக்காவை ஒரு சின்ன டப்பாவில் வைத்து, சனிக்கிழமையே சேக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

ஞாயிறு காலை மழை. டப்பாவுக்குள் ஈரம் ஏறியிருக்குமோ என்று எனக்குக் கவலை. அவள் குளிக்கப் போனதும் திறந்தேன். படலம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு தூசிதான் தெரிந்தது. ஒரு மூலையை இடுக்கியால் பிடித்து, துவைத்த பனியன் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியோடு மூடினேன்.

"மா, இதை யாரு தொறந்தது?"

"நான்தான். தூசி இருந்துச்சு, துடைச்சு வெச்சேன்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்." சொல்லும்போது பெருமையாகவே இருந்தது.

தூசியோடு படலத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன் என்பது அவள் கட்டிலில் உட்கார்ந்த விதத்தில்தான் புரிந்தது.

கணவர் பேப்பரை இறக்கினார். "உங்கம்மா என்னையே துடைச்சிட்டுதான் ஊட்டுக்குள்ள வுடுவா. இது எம்மாத்திரம்?"

மகள் டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்.

கிடைத்த முறையை விட்டுவிட மனமில்லாமல் திங்களன்று அதையே எடுத்துப் போனாள். சாயங்காலம் போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"இந்த மலைங்கள்லாம் இன்னா தெரியுமா? உன் பனியன் நூலு."

இடுக்கி பிடித்திருந்த மூலையில் மட்டும் படலம் பிழைத்திருந்தது. அதன் விளிம்பு ஒரு படிபோல நின்றதால் கனத்தை அளக்க முடிந்ததாம். மற்றதற்கெல்லாம் மறுபடி பூச்சு, மறுபடி இரண்டு மாதம்.

அடுத்த டப்பா வந்த அன்று அதை பீரோவில் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்தேன். பகல் முழுக்க வீட்டில் எதையும் துடைக்கவில்லை. சாப்பிட்ட மேசைமேல் சாம்பார் காய்ந்துகொண்டிருந்தது.

"அதையாவது துடைமா," என்றாள் மகள்.