வெந்நீர்க் கணக்கு

ஐந்தருவிக் கடையொன்றில் ஈர விறகு புகைந்தது. இடித்துப்போட்ட எங்கள் தென்காசி வீட்டின் பின்கட்டுக்கு மனம் ஓடியது. சாரல் விடாத மத்தியானம், உள்ளே அக்காவுக்குப் பிரசவ வலி, வெளியே தவலைத் தண்ணீருக்கு அடுப்பூதியபடி பள்ளியில் படித்த வெப்பக் கணக்கை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான் அண்ணன்.

"தண்ணியோட எடை, தன்வெப்பம், ஏறுத சூடு, மூணையும் பெருக்கணும் ஏட்டி."

"விடை எவ்வளவுண்ணே?"

மறுபடி முதலிலிருந்து பெருக்கினான். அக்காவின் அலறல் சட்டென்று நின்றது. அவன் உதடுகள் அசைந்தன, எண்கள் வரவில்லை.

கதவைத் திறந்து மருத்துவச்சி எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, வெந்நி எங்கலே? புள்ளையக் குளிப்பாட்டணும். தாயும் சொகந்தான்."

தவலையை இறக்கப் போன அண்ணன் அடுப்பின் முன் உட்கார்ந்து விம்மி அழுதான். நான்தான் செம்பில் மொண்டு கொண்டுபோனேன்.