இடைவேளையில் கேட்ட கேள்வி

சுகந்தி போன வாரம் இறந்துபோனாள். என் நண்பன் குபேந்திரனின் மனைவி. வயது நாற்பத்தாறு.

மூன்று மாதத்துக்கு முன்பே அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முற்றிய நிலை. குபேந்திரன் அதை என்னிடம் மட்டும் சொன்னான். அவளிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தான். தெரிந்தால் அன்றைக்கே உடைந்துவிடுவாளாம். நானும் தலையாட்டினேன். இந்த மாதிரி விஷயத்தில் யார்தான் தலையாட்டாமல் இருக்கிறோம்?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஃபிலிம் சொசைட்டியில் ஒரு பழைய ஹாலிவுட் நடிகைக்கு அஞ்சலியாக அவருடைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையிட்டோம். ஞாயிறு காலை, மதுரையில் ஒரு மாடி ஹால், நாற்பது நாற்காலி. அந்த நடிகை என்றால் சுகந்திக்கு உயிர். வலியோடு மாடியேறி வந்தாள்.

கதை என்னவென்று நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்... பார்க்கவில்லை. கதாநாயகிக்குத் தீராத நோய். கணவனுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

இருட்டில் நான் குபேந்திரனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் அவன் டீ வாங்கக் கீழே போனான். சுகந்தி என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, எனக்கும் அதானா?”

நான் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தேன்.

“அவரு சொல்ல மாட்டாரு. நீங்களாச்சும் சொல்லுங்க. எம்புட்டு நாளு இருக்கு?”

சொல்லிவிட்டேன். சில மாதங்கள் என்றார் டாக்டர் என்று. அவள் அழவில்லை. “அவருகிட்ட நான் கேட்டேன்னு சொல்லிராதீங்கண்ணே” என்றாள். டீ வந்தது. குடித்தாள். மிச்சப் படத்தையும் பார்த்தாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அவன் கேட்டதற்கு, படம் அப்படி என்றாள்.

மறுநாளே கோயம்புத்தூரில் படிக்கும் மகளை வரவழைத்துவிட்டாள். பரீட்சை லீவு என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னாளாம். அம்மாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டு மொழியான சௌராஷ்டிராவில் பேசிப் பேசித் தீர்த்தார்கள். எந்தப் புடவை யாருக்கு, மகள் மேலே என்ன படிப்பது, அப்பாவுக்கு எந்த மாத்திரை எப்போது... எல்லாம்.

“அம்மாவுக்குத் தெரியும்னு அப்பாவுக்கே தெரியாது மாமா. தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாருன்னு அம்மாதான் சொல்ல விடல.” இதை அந்தப் பெண் சொன்னது, தாயின் உடல் கூடத்தில் கிடந்தபோது.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது குபேந்திரன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டேன் மாப்ள. அது போதும்.”

“ஆமாடா” என்றேன்.

ஒரு வீட்டில் ஒருமுறை உண்மை சொன்னவனுக்கு, இரண்டாவது முறை வாய் வரவில்லை.