சாக்குப் போட்டு மூடியது

இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

கொட்டச்சேடு என்ற மலைக் கிராமத்தில் எனக்கு ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. அப்போதெல்லாம் பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியில் நான் பிடிப்பேன், என் மனைவி சம்மட்டியால் அடிப்பாள். கொல்லர் வீடுகளில் அதுதான் வழக்கம்.

ஒரு மழை நாளில் எஸ்டேட் முதலாளி ஒருவர் சொல்லி வைத்திருந்த கத்தியை வாங்க வந்தார். மெஷின் படாமல் முழுக்கக் கையால் செய்த கத்திதான் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஜீப் சத்தம் கேட்டதும், சாணை பிடிக்கும் கரண்ட் மெஷினைச் சாக்குப் போட்டு மூடினேன். பெண் அடித்த கத்தி என்றால் மட்டமாக நினைப்பாரோ என்று அவளையும் உள்ளே போகச் சொன்னேன்.

"எல்லாமே என் கையால பண்ணுனதுங்க" என்றேன்.

அவள் காபி கொண்டுவந்தாள். முழங்கை வரை தீப்பொறி பட்ட தழும்புகள்.

"கையில என்னம்மா?" என்று அவர் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள், "அடுப்புல சுட்டுக்கிட்டாளுங்க" என்று சொல்லிவிட்டேன். டம்ளரை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

ஜீப் போன பிறகு மெஷின் மேல் கிடந்த சாக்கை அவளே எடுத்து மடித்தாள்.

"ஏனுங்க, எம்மேலயும் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருக்கலாமுங்களே?"

அவள் சம்மட்டியை எடுத்துக்கொண்டு உலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

அவள் இறந்து ஆறு வருஷமாகிறது. இப்போது இரும்பை அடிப்பதும் மெஷின்தான். கையால் செய்ததா என்று யாராவது கேட்டால், "எங்க ஊட்டுக்காரி அடிச்சதுங்க" என்கிறேன். அன்று சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும்.