மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்

எங்கள் பள்ளியில் எது நடந்தாலும் அதை மகிழ்ச்சியுடன்தான் தெரிவிப்பார்கள். பேன் தொல்லை அதிகமாகிவிட்டதால் பெண் குழந்தைகளுக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டார்கள். குடிநீர்க் குழாய் உடைந்துபோனதையும், கணக்கு சார் வேலையை விட்டுப் போய்விட்டதையும் அதே மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வரும் ஒற்றைத் தாள் அது. மேலே 'வாரச் செய்தி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பள்ளியைத் தொடங்கி நடத்திவந்த பெரிய டீச்சர் தன் கையாலேயே எழுதி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வைத்து அனுப்புவார்.

அதில் பாதி வீடு போய்ச் சேராது. ஆரணியிலிருந்து சேவூர் போகிற வழியில் இருந்த சின்னப் பள்ளி அது. பள்ளிக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. கால்வாய் இருக்கும்போது கையில் கிடைத்த தாளைக் கப்பலாக மடிக்காமல் எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும்? ஒரு வெள்ளிக்கிழமை மாலை மிதந்துகொண்டிருந்த வாரச் செய்திகளைப் பெரிய டீச்சரே பார்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான், பிள்ளைகளைக் கூப்பிட வரும் பெற்றோருக்கு வாசலிலேயே மைக்கில் படித்துக் காட்டிவிடுவது என்று முடிவானது. பழ வண்டிக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கினார்கள். படிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிற பெண் என்பதால் தேர்ந்தெடுத்ததாக வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் காரணம் என் தொண்டை. எங்கள் வீட்டில் பட்டுத் தறி ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டில் பவர்லூம் ஓடும். அத்தனை சத்தத்துக்கும் மேலேதான் நாங்கள் பேசியாக வேண்டும். உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்போம். மைக் பழுதான வாரத்திலும் என் வாரச் செய்தி சாலையைத் தாண்டி டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது.

படிப்பதோடு நான் நிற்கவில்லை. டீக்கடையில் நிற்பவர்கள் கவனிக்கவில்லை என்றால் அந்த வரியை இன்னொரு முறை படிப்பேன். ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் வளர்த்த கத்தரிச் செடி காய்த்துவிட்டது என்ற செய்தியை நான் படித்த விதத்தில், ஏதோ அணை கட்டி முடித்துவிட்டார்கள் என்று நினைக்கும்படி இருந்ததாக அப்பா சொல்வார். அந்தப் பள்ளியையே நான்தான் நடத்துகிறேன் என்ற எண்ணம் எனக்குள் மெல்ல வந்துவிட்டது.

அந்த வருஷம் கார்த்திகை மழை விடாமல் பெய்தது. ஒரு ராத்திரி பள்ளியின் பின்பக்கச் சுவர் விழுந்துவிட்டது. ஆளில்லாத நேரம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய வீட்டைத்தான் பள்ளியாக மாற்றியிருந்தார்கள். வந்து பார்த்த அதிகாரி, சுவரைக் கட்டி முடிக்கும்வரை உள்ளே பிள்ளைகளை உட்காரவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் இருந்த பெரிய பள்ளியின் மஞ்சள் வேன் ஒன்று, அதுவரை எட்டிப் பார்க்காத எங்கள் தெருக்களில் சுற்ற ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் எல்லோரையும் வாசலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தூறலில் குடைகளோடு வந்து நின்றார்கள். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்தவர்கள், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தவர்கள் என்று வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெரிய டீச்சர் தாளை என் கையில் கொடுத்துவிட்டு என் தோளில் கை வைத்து நின்றார். அந்தக் கை சில்லென்று இருந்தது. மழைக்குக் குளிர்கிறது போலும் என்று நினைத்தேன்.

சுவர் விழுந்ததில் யாருக்கும் காயமில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டேன். அரையாண்டுத் தேர்வு திட்டமிட்டபடி திங்கட்கிழமை தொடங்கும் என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டேன். அதோடு தாள் முடிந்துவிட்டது.

"பரீட்ச நடக்கும்ன்றீங்க, சரி. எங்க நடக்கும்? அத்த சொல்லுங்க" என்றார் முன்னால் நின்ற ஒருவர். மூன்றாம் வகுப்புப் பையனின் அப்பா.

பெரிய டீச்சர் என் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தேர்வு நடக்கும் என்று எழுதிவிட்டால் அதற்கொரு இடமும் எப்படியோ வந்துவிடும் என்று நம்பித்தான் அவர் எழுதியிருக்கிறார் என்பது இன்றைக்குப் புரிகிறது.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர்" என்றார் ஓர் அம்மா. "புள்ளைங்க படிப்பு நடுவுல பேஜாராயிடப் போவுது. டி.சி. குடுத்துடுங்க. நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்."

அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் கூட்டத்தில் பரவுவதை நான் வாசலில் கிடந்த மேடைக் கல்லின் மேல் நின்று பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? மார்கழி பிறக்கப் போகிறது. மார்கழியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபம் மாதம் முழுக்கச் சும்மாதான் கிடக்கும். அதன் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"தேர்வும் வகுப்புகளும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி முதல், கடைத்தெரு பின்புறமுள்ள கல்யாண மண்டபத்தில் நடைபெறும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். மாணவர்கள் அனைவரும் தவறாமல் வந்து சேரவும்."

இது தாளில் இருக்கிறது என்றே கூட்டம் நினைத்தது. பெரிய டீச்சரின் கை என் தோளை அழுத்திப் பிடித்தது. அதற்குள் எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பிவிட்டன. அங்கே, என்னைக் கூப்பிட்டுப் போக வந்த பெரியப்பா குடையோடு நின்றிருந்தார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான் என்று ஊருக்கே தெரியும்.

"இன்னாங்க, மண்டபம் குடுக்கறீங்களா?" என்று கேட்டார் மூன்றாம் வகுப்பு அப்பா.

பெரியப்பா அதிகம் பேசாதவர். யாரிடமும் எதற்கும் போய் நிற்காத மனுஷன் என்று தெருவில் பெயர். அவர் என்னைப் பார்த்தார். பெரிய டீச்சரைப் பார்த்தார். தூறல் நிற்காதபோதே குடையை மடக்கினார். பிறகு நினைவு வந்தவர்போல விரித்தார்.

"அதான் கொழந்த சொல்லிச்சில்ல. ஒம்போது மணிக்கு வந்துடுங்க" என்றார்.

கூட்டம் கலைந்தது. டி.சி. கேட்ட அம்மா, மண்டபத்தில் மின்விசிறி எல்லாம் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மொபெட்டில் வீடு திரும்பினோம். வழியில் நான் கேட்டேன்: "பெரியப்பா, பின்னாடி வரிக்கும் நல்லா கேட்டுச்சா?"

"கண்ணமங்கலம் வரிக்கும் கேட்டிருக்கும்" என்றார்.

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மண்டபத்தின் சொந்தக்காரர் கண்ணமங்கலத்தில் இருந்தார். பெரியம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் அவர். சாவி எங்கள் வீட்டில் இருந்தாலும், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவரும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. மண்டப விவகாரம் எதுவானாலும் அண்ணன் தங்கைக்குப் போன் செய்வார், தங்கை புருஷனிடம் சொல்வார். எதனால் இப்படி என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. வெயில் அடிப்பதுபோல, மழை பெய்வதுபோல, அவர்கள் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "யார கேட்டுடி மைக்குல சொன்ன?"

"மார்கழியில கல்யாணம் உண்டா? மண்டபம் காலிதானே?" என்று திருப்பிக் கேட்டேன்.

இழை சுற்றிக்கொண்டிருந்த பெரியம்மா ராட்டையை நிறுத்தினார். "நான் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கறேன்" என்றார்.

"வேணாம்" என்றார் பெரியப்பா. "சொன்னது எங்க வூட்டுப் பொண்ணு, ஆமான்னது நானு. போன்ல கேக்கற விஷயம் இல்ல இது. நானே போறேன்."

பெரியம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு ராட்டையைச் சுற்றத் தொடங்கினார், வேண்டியதைவிட வேகமாக.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை அணிந்தார். என்னையும் கிளம்பச் சொன்னார். வேலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்கு. ஒரு சீப்பு வாழைப்பழம் அவர் மடியில். கண்ணமங்கலத்தில் இறங்கி, பெயின்ட் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனோம். பெரியம்மாவின் அண்ணன் பனியனோடு வெளியே வந்தார். பெரிய மீசை. பெரியப்பாவைப் பார்த்து ஒரு நொடி நின்றவர், என்னைப் பார்த்து மட்டும், "வாம்மா" என்றார்.

செய்தி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"நீதான் மைக்குல சொன்ன பொண்ணா? இன்னா சொன்ன, சொல்லு கேப்போம்."

நான் நேராக நின்று, 'தேர்வும் வகுப்புகளும்' என்பதிலிருந்து 'தவறாமல் வந்து சேரவும்' வரை, முழுக்குரலில் சொன்னேன். கடைப் பையன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

"மண்டபம் யாருதுன்னு தெரியுமா?"

"உங்களுது மாமா."

"அப்பறம் என்னைக் கேக்காம எப்பிடி சொன்ன?"

"நீங்கதான் எங்க பெரியப்பாவோட பேச மாட்டீங்களே. எப்பிடி கேக்கறது?"

வாசற்படியில் நின்ற அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நியாயமான பதிலைச் சொல்லிவிட்ட திருப்தியோடு நான் நின்றேன்.

பெரியப்பாதான் தொண்டையைச் செருமினார். "பேசலாம்னுதான் வந்துகிறேன், மச்சான்" என்றார்.

மாமா சுவரில் தொங்கிய காலண்டரிடம் போனார். அதைத் தெரியாத மொழிபோல வெகுநேரம் பார்த்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. மார்கழி முழுக்க முகூர்த்தமே கிடையாது.

"தை பொறந்தா கல்யாணம் இருக்குது. அதுக்குள்ள காலி பண்ணிடணும்" என்றார், காலண்டரைப் பார்த்தபடியே.

"பண்ணிடறோம்" என்றார் பெரியப்பா.

"செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. மேடையில கிறுக்கக் கூடாது."

"கிறுக்க மாட்டாங்க மாமா, வாரச் செய்தியில போட்டுடறோம்" என்றேன் நான்.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க பெரியப்பாவுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளும்மா" என்றார் மாமா. "போதும்னு சொல்லு" என்றார் பெரியப்பா. ரசத்துக்கும் மோருக்கும் அப்படியே. செய்தி வாசிக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமையும் கிடைத்ததில் எனக்குப் பெருமைதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா ஜன்னல் சீட்டை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆரணி வரும்வரை முகத்தைக் காற்றில் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே மண்டபம் நிறைந்துவிட்டது. டி.சி. கேட்ட அம்மாவின் மகள்தான் முதலில் வந்தாள். மணமகள் அறை ஒன்றாம் வகுப்புக்கு, மணமகன் அறை எட்டாம் வகுப்புக்கு, பந்தி நடக்கும் கூடம் மற்றவர்களுக்கு என்று பெரிய டீச்சர் பிரித்துவிட்டார். மேடையில் இருந்த சிவப்பு நாற்காலிகளுக்கு ஒரே அடிதடி. பழைய பள்ளியிலிருந்து பெஞ்சுகளும் கரும்பலகைகளும் குட்டியானை வண்டியில் வந்து இறங்கின. பெரியம்மா பிள்ளைகளுக்குக் குடிக்க வெந்நீர் வைத்துக்கொண்டு சமையல்கட்டில் இருந்தார்.

அப்போது மாமா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆணி அடிக்கிறார்களா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் உஷாரானேன். உள்ளே வந்தவர், மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பெரிய கரும்பலகையின் ஒரு முனையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டிருந்த பெரியப்பாவைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் மறுமுனையைப் பிடித்தார்.

அது பழைய மரப் பலகை, நல்ல கனம். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தட்டுத் தடுமாறிப் போனார்கள். பாதி வழியில் பலகை ஒரு பக்கம் சரிந்தது.

"மாப்ள, உன் பக்கம் சாயுது பாரு. தூக்கு, தூக்கு" என்று மாமா கத்தினார்.

"புடிச்சினுதான் இருக்கேன் மச்சான், நீ நட" என்றார் பெரியப்பா.

நான் திரும்பிப் பார்த்தபோது பெரியம்மா சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் கண்கலங்காத பெரியம்மா அப்படி நின்றதைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"அழாதீங்க பெரியம்மா" என்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஆறுதல் சொன்னேன். "பலகை யார் கால்லயும் வுழல."