பதில் சொல்லாத விமானம், கீழ் லயத்து மேளம்

பயப்படுவது எனக்கு இன்னொரு வேலை மாதிரி. மழை பெய்தால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரியும் என்று பயம். வெயில் அடித்தால் அட்டைக்குப் பதில் பாம்பு வரும் என்று பயம். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எதையும் படித்துத் தெளிந்துகொள்ள வழியில்லை, நினைத்து நினைத்துத்தான் பெரிதாக்கத் தெரியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வளைகுடா நாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்த என் மனைவி திரும்பி வரும் நாள். காலையில் அவள் குரல் போனில் வந்திருந்தது. "ஏறப் போறேங்க. சும்மா மண்டையப் போட்டு ஒடச்சுக்காதீங்க. சாயங்காலம் கட்டுநாயக்க ஏர்போட்டுல வந்து நில்லுங்க, போதும்."

விமான நிலையத்துக்குப் போக மத்தியானம் வேன் வரும். அதுவரை வீட்டில் இருக்க முடியாமல் றொசல்ல ஊருக்குப் போகும் பாதையில், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் கடைக்கு இறங்கினேன். நானா முன்பு வளைகுடாப் பக்கத்து விமான நிலையம் ஒன்றில் பெட்டி தூக்கியவர். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் படம் அவர் போனில் உண்டு. சின்னச் சின்ன மஞ்சள் விமானங்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. நடுவில் ஓரிடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. எல்லா எறும்பும் அதைச் சுற்றி வளைந்து போயின.

"அங்கிட்டு சண்ட நடக்குது தம்பி. அதுக்கு மேல பறக்கக் கூடாது. தடுத்து வெச்சிருக்காங்க."

"இதுல அவ பிளேனு எது நானா?"

"இதுதான்."

அது வளையவில்லை. நேராக வெறுமையின் ஓரத்தைத் தொட்டது. நானா முகம் மாறியதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு எறும்பு மட்டும் படத்தில் இல்லை.

நானா விரலால் தேய்த்துத் தேய்த்துத் தேடினார். செய்தி வந்திருந்தது. பயணிகள் விமானம் ஒன்று ரேடியோவில் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை, தடை செய்த வானத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது, போர் விமானங்கள் கிளம்பியிருக்கின்றன.

"பதில் சொல்லலேன்னா என்ன செய்வாங்க நானா?"

"கீழ இருந்து கூப்பிடுவாங்க தம்பி. மேல இருந்து பேசணும். பேசலேன்னா நம்மாளா, எதிரியான்னு அவங்களுக்குத் தெரியாதில்ல…" அவர் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "அல்லா காப்பாத்துவான். நீங்க உக்காருங்க."

நான் உட்காரவில்லை. மேட்டில் ஏறி லயத்துக்கு ஓடினேன். வாசலில் விழுந்து என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "சுட்டுட்டாங்க" என்று நான் கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது போதும். எங்கள் தோட்டத்தில் சாவு என்றால் முதல் காரியம் தப்பு மேளம் அடிக்கும் தப்புக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவது. கீழ் லயத்தில் காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி அடிக்கத் தொடங்கினால், அடுத்த டிவிசன் சொந்தக்காரர்கள் மேளத்தைக் கேட்டே கிளம்பிவிடுவார்கள். பொணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டில் செத்தால் பொணம் மெதுவாகத்தானே வரும்.

மேளம் கிளம்பியது.

அந்தச் சத்தத்துக்கு என் மனைவியின் அண்ணன் வந்தான். வட்டவளைப் பக்கத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். வெளிநாடு போக முடிவெடுத்தது அவளேதான். ஆனால் அவன் என்னைத்தான் குற்றம் சொன்னான். அவளோடும் என்னோடும் பேச்சை நிறுத்தி வருசங்கள் ஆகியிருந்தன. வழியில் யாரோ விசயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். தேயிலை வெட்டும் வளைந்த கத்தி அவன் கையில் இருந்தது.

"எங்கடா அவன்? பொண்டாட்டிய அனுப்பிச் சோறு தின்னவன் எங்கடா?"

"மச்சான், நான் அனுப்பல…"

முடிக்கவில்லை. கத்தி என் இடது முன்கையில் இறங்கியது. வலி உடனே வரவில்லை. சட்டைக் கை பிளந்து தொங்குவதையும் அதற்குள் வெள்ளையாக ஏதோ தெரிவதையும்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் இரத்தம் கொட்டியது. சுவரோரம் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து அவன் வாயில் அடித்தேன். பல் உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் என்னைச் சுவரில் மோதினான், கதவு பெயர்ந்து விழுந்தது. என் சட்டைப் பையிலிருந்து போன் தெறித்தது. அவன் பூட்ஸ் அதன் மேல் ஏறி நொறுக்கியது. நான் பார்த்தேன். அவள் குரல் அதற்குள் இருந்தது. எனக்கு வெறி பிடித்தது. அவன் காதைக் கடித்தேன். அவன் என் வெட்டுக்காயத்துக்குள் விரலை விட்டுத் திருகினான்.

"கத்தியப் புடுங்குங்கடா!" என்று யாரோ கத்தினார்கள், ஆனால் பக்கத்தில் வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் தண்ணீர் வாளியோடு வந்து இருவர் மேலும் வீசினாள். "அவ பொணமே இன்னும் வரல, அதுக்குள்ள இன்னும் ரெண்டு பொணமாடா? யாருடா தூக்குறது?"

அவன் என் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தான். கத்தி என் கழுத்தில். கீழே மேளம். அப்போது அவன் கால்சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் அசையவில்லை. நின்று, மறுபடியும் அடித்தது.

"எடுத்துத் தொலையேன்டா, சேதியா இருக்கும்," என்றாள் அக்கா.

கத்தியை எடுக்காமலே இடது கையால் போனை எடுத்தான்.

"அண்ணே, நான்தான். கோவிச்சுக்கிட்டு வெச்சிராதீங்க. அவரு போனு போக மாட்டேங்குது. நான் நல்லா இருக்கேன்னு யாருகிட்டயாவது சொல்லி விடுங்கண்ணே. அந்த மனுசன் பயத்துலயே செத்துருவாரு."

அவன் வாயிலிருந்து இரத்தம் என் முகத்தில் சொட்டியது. "இங்கதான்… இருக்காரு," என்று போனை என் காதில் வைத்தான். கத்தி இன்னும் கழுத்தில்தான் இருந்தது, எடுக்க மறந்துவிட்டான்.

"எங்கடி இருக்க?"

"வேற ஏதோ ஊர்ல எறக்கி வெச்சிருக்காங்க. ஒண்ணுமில்ல. ஆமா, அங்க என்னங்க சத்தம்? தப்பு அடிக்குதே. யாரு செத்தது?"

அவன் போன் பக்கம் குனிந்து சொன்னான். "நீதான் புள்ள."

பிறகு மேளத்தை நிறுத்த எழுந்து கீழ் லயத்துக்கு ஓடினான். சொன்னாலே நிறுத்தியிருப்பார்கள். ஆனால் உடைந்த வாயால் அவனுக்குக் கத்திச் சொல்ல வரவில்லை. கத்தியோடும் இரத்தத்தோடும் ஒருவன் பாய்ந்து வருவதைப் பார்த்துத் தப்புக்காரர்கள் மேளத்தைப் போட்டுவிட்டு, வெட்டிக் கிடந்த தேயிலைக் கிளைகளின் மிலாறுக் குவியலுக்குள் விழுந்து ஓடினார்களாம். அவன் மேளத்தின் தோலைக் குறுக்கே கிழித்தான். அதன்பிறகு தோட்டம் முழுவதும் நாய் குரைப்பது மட்டும் கேட்டது.

இரண்டு நாள் கழித்து வந்தாள். ஒரு கண் வீங்கியிருந்தது, கையில் பல் பதிந்த காயம். கீழே இருந்து வழி சொல்லும் ஒரு நாட்டு ஆள் விமானத்தை விட்டு அடுத்த நாட்டு ஆள் பிடிக்கும் இடத்தில் ரேடியோவும், விமானத்தைப் படத்தில் காட்டும் கருவியும் செத்துப்போய்விட்டனவாம். யார் கூப்பிட்டும் விமானிக்குக் கேட்கவில்லை. போர் விமானம் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, ஓட்டுகிறவனின் தலைக்கவசம் தெரியும் அளவுக்கு நெருங்கி, சிறகை இரண்டு பக்கமும் ஆட்டியிருக்கிறது. என் பின்னால் வா என்று அர்த்தமாம். சரி என்று சொல்ல இவர்கள் விமானமும் ஆடியிருக்கிறது. உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியுமா? சுட்டுவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். வாசல் பக்கம் பாய்ந்து, ஒருவர் தலையை ஒருவர் மிதித்தார்கள். கீழே விழுந்த ஒருத்தியைத் தூக்கப்போன இவள் முகத்தில் ஒருவன் முழங்கையால் இடித்தான். பக்கத்து இருக்கைப் பெண் பயத்தில் இவள் கையைக் கடித்துப் பிடித்தவள் தரை இறங்கும்வரை விடவில்லை.

தன் சாவுக்குத் தப்பு அடிக்கப்பட்டவளை அப்படியே வீட்டுக்குள் விடக்கூடாது என்று அக்கா லயத்து முனையிலேயே நிறுத்தி அவள் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். நனைந்து நின்றபடி என் கைக்கட்டைப் பார்த்தாள். அண்ணன் வாயைப் பார்த்தாள்.

"யாரு வெட்டுனது?"

"நான்தான்," என்றான் அவன்.

அவனை ஓங்கி ஒன்று அறைந்தாள். தையல் போட்ட உதடு மறுபடி கசிந்தது.

"யாரு பல்ல ஒடச்சது?"

நான் கன்னத்தைக் காட்டினேன். எனக்கும் விழுந்தது. அந்த அடி நன்றாக வலித்தது. செத்தவள் கை அப்படி விழாது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.