ஹில்மர் வீட்டு பீர்ப் பெட்டியின் குமிழ்

பனி கொட்டும் ஷெபாய்கன் ஊர்க்காரர்களுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் அதை அவர்கள் வாயிலிருந்து வரவழைக்க முடியாது. உப்புப் போட மறந்த சூப்பை வைத்தாலும் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, "மோசமில்ல" என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தேவாமிர்தத்தைக் கொடுத்தாலும் அதே "மோசமில்ல"தான். சமைத்தவர் பாடுதான் திண்டாட்டம்.

ஹில்மர் க்யூதர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். குளிர்காலம் முழுக்க மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிற வேலை. விடிவதற்கு முன்னால் ஏறி உட்கார்ந்தால் எதிரே வெள்ளை, இரண்டு பக்கமும் வெள்ளை. பேச்சுத் துணைக்குக் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மட்டும்தான். அதனால் பனி உருகியதும் மனிதர் பேச்சுக்கு ஏங்கிப் போவார். அவருடைய ஏக்கமெல்லாம் தீருகிற இடம் அவர் வீட்டுக் கார் கொட்டகை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அங்கே நான்கு மடக்கு நாற்காலிகள் விரியும். வாசலில் கரி அடுப்பு புகையும், அதன்மேல் பன்றி சாசேஜ் வரிசையாக வேகும். மூலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். ஹில்மர் தன் கையாலேயே அதைத் துளைத்து, உள்ளே பீர்ப் பீப்பாயை இறக்கி, தலையில் குழாய் வைத்திருந்தார். குளிரைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டில் ஒரு குமிழ். அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று உள்ளே போய்ப் பீப்பாயைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல அதை எல்லாருக்கும் காட்டுவார்.

வருகிறவர்கள் மூன்று பேர். பக்கத்து வீட்டு ஸ்டான் ஓல்ஷெவ்ஸ்கி, இரும்பு வார்க்கும் ஆலையில் வெந்து தணிந்து ஓய்வு பெற்றவர். ஹில்மர் மனைவி மார்லிஸின் தம்பி டெல்பர்ட், பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை. மூன்றாவது ஆள் பாஸ்டர் எங்கெல்கி. பிரசங்கம் நீண்டு போன ஞாயிறுகளில் மூன்றாவது கோப்பைவரை உட்காருவார்.

ஒரு கோடையில் அந்தப் பீர்ப் பெட்டிக்குப் பேய் பிடித்தது. ஒரு ஞாயிறு குழாயைத் திறந்தால் கோப்பை நிறைய நுரை, அடியில் ஒரு வாய் பீர். அடுத்த ஞாயிறு பீர் உள்ளேயே உறைந்து, குழாய் இருமி இருமி ஐஸ் துகளைத் துப்பியது. அதற்கடுத்த வாரம் மறுபடி வெதுவெதுப்பு, மறுபடி நுரை. விருந்தாளிகள் மூவரும் நுரையை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "மோசமில்ல ஹில்மர்" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க அவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற மார்லிஸ் வந்து நின்றாள்.

"இத பாரு ஹில்மர். போன குளிர்ல என் காரு வெளியவே நின்னு, கதவு உறைஞ்சு, நான் பின்பக்கக் கதவு வழியா ஏறி வேலைக்குப் போனேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"உன் பெட்டி ஒழுங்கா ஊத்துச்சுன்னா நான் வாயத் திறக்கல. பாதிப் பீப்பா நுரையாத்தான் போவுதுன்னா, மொதப் பனி விழுறதுக்குள்ள அது தெருவுக்குப் போகணும். என் காரு உள்ள வரணும்."

"சரி பண்ணிடுறேன்."

"நீ சரி பண்ணிக்கிட்டேதான் இருக்க. பீப்பாதான் காலியாகிட்டே இருக்கு."

பெட்டி போனால் நாற்காலி போகும். நாற்காலி போனால் ஸ்டான் தன் வீட்டில், டெல்பர்ட் தன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமையும் லாரிக்குள் உட்கார்ந்த மாதிரிதான். ஆனால் ஹில்மர் அதை மார்லிஸிடம் சொல்வாரா? அவரும் ஷெபாய்கன்காரர்தானே.

சொல்லாமல் வேலையில் இறங்கினார். முதலில் பின்பக்கச் சுருள் குழாய்களில் அப்பியிருந்த தூசியைத் தட்டினார். அதில் அவர்கள் வீட்டு நாய் செத்து வருஷமாகியும் அதன் முடி பந்தாக வந்தது. அடுத்து கதவு ரப்பர். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். ஒரு மூலையில் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. புது ரப்பர் போட்டார். பிறகு பெட்டியின் தலையில் நிற்கும் குழாய்த் தண்டைக் கையால் தொட்டால் அது சூடு. கீழே பீப்பாய் குளிர்ந்து கிடந்தாலும், பீர் மேலே ஏறும்போது அந்தச் சூட்டில் நுரைத்துவிடும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து சின்ன விசிறியைக் கழற்றி, கீழேயுள்ள குளிர் காற்று தண்டுக்குள் ஏறும்படி வைத்தார்.

திங்கள் முதல் சனிவரை பெட்டி தங்கமாக நடந்துகொண்டது. ஹில்மர் உள்ளே ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து, அதில் வெப்பமானியை மிதக்க விட்டிருந்தார். கதவைத் திறந்தால் காற்றின் சூடு உடனே ஏறும், அதை நம்ப முடியாது. தண்ணீர்தான் பீரைப்போல நிதானமானது. பார்க்கும் போதெல்லாம் முப்பத்தெட்டு டிகிரி. அது அந்த ஊர்க் கணக்கு, நமக்கு மூன்று சொச்சம். ஞாயிறன்று முதல் கோப்பை அருமையாக இறங்கியது. ஹில்மர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பார்த்தால் தண்ணீர்க் கோப்பையில் ஐஸ் ஏடு!

ஹில்மர் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார். வாரம் முழுக்க ஒழுங்காக இருந்த பெட்டி ஞாயிறு கழிந்ததும் கெடுகிறது என்றால், அது ரப்பரின் கோளாறு அல்ல, விசிறியின் கோளாறும் அல்ல. பீப்பாய் பெரிய உருப்படி. குளிரை இன்று மாற்றினால் நாளைக்குத்தான் அதற்கு உறைக்கும். எழுந்து போய்க் குமிழைப் பார்த்தார். அவர் வைத்த இடத்தில் அது இல்லை.

தச்சர்கள் கயிற்றில் தடவிக் கோடு தட்டுவார்களே, அந்தச் சிவப்புப் பொடி. அதில் கொஞ்சம் கிரீஸ் குழைத்து, அடுத்த ஞாயிறு காலை குமிழின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாமல் தடவி வைத்தார். ஒன்றும் தெரியாதவர் போலச் சாசேஜைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டாவது சுற்று முடிந்ததும், "எல்லாரும் கையக் காட்டுங்க" என்றார்.

"என்னப்பா இது, பள்ளிக்கூடமா?" என்று சிரித்துக்கொண்டே ஸ்டான் கையை நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ரத்தச் சிவப்பு.

"ஸ்டான், நீயா?"

"எனக்குப் பல்லு கூசுற அளவுக்குச் சில்லுனு இருக்கணும் ஹில்மர். முப்பது வருஷம் உலை வாயில நின்னவன். உங்கிட்டச் சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு, லேசா... ஒரு பொட்டுதான் திருகினேன்."

டெல்பர்ட் கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்தார். பைக்கு வெளியே சிவப்பு கசிந்திருந்தது. "மச்சான், எனக்குச் சில்லுனு ஆகாது. தொண்ட கட்டிக்கும். ஸ்டான் கூட்டினான்னு எனக்கென்ன தெரியும்? நான் குறைச்சேன், அவ்வளவுதான்."

"நான் வரப்ப எல்லாம் அது குறைஞ்சே இருந்துச்சு, அதனாலதான் நான் கூட்டினேன்!" என்று ஸ்டான் எகிறினார். "கோடை முழுக்க என் பல்லுக்கு வேட்டு வெச்சவன் நீதானா?"

"என் தொண்டைக்கு வேட்டு வெச்சவன் நீதான்டா!"

பாஸ்டர் எங்கெல்கி கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைக் கழுத்துப்பட்டியில் ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"பாஸ்டர், நீங்களுமா?"

"ரெண்டு பேரும் திருகுறத நான் பாத்தேன் ஹில்மர். சமாதானமா இருக்கட்டுமேன்னு நடுவுல கொண்டாந்து வெப்பேன்" என்றார் பாஸ்டர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு எது நடுன்னு படுதோ, அங்க" என்றும் ஒப்புக்கொண்டார்.

சரியாக அந்த நேரத்தில் மார்லிஸ் உருளைக்கிழங்கு சாலட்டை மேசையில் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தின் விளிம்பில் பளிச்சென்று ஒரு சிவப்புக் கட்டைவிரல் அடையாளம்.

நால்வரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். பிறகு மார்லிஸைப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றாள். விரலைப் பார்த்தாள். முகமும் விரல் நிறத்துக்கே போயிற்று.

"நீதான் பிராந்தி தவிர ஒண்ணையும் தொடமாட்டியே" என்றார் ஹில்மர்.

"நீ புல்லு வெட்டப் போறப்ப ஒரு கோப்ப. எப்பவாச்சும்."

"எப்பவாச்சுமா? பீப்பா இவ்ளோ சீக்கிரம் காலியாகுறப்பவே நெனச்சேன்!"

"ஒண்ணு பல்லு விழுந்துடும் போல இருக்கும், இல்லேன்னா சுடுதண்ணி மாதிரி இருக்கும். வேற என்ன பண்றது? திருகித்தான் குடிக்கணும்!"

டெல்பர்ட் முதலில் சிரித்தார். பிறகு ஸ்டான். பாஸ்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மார்லிஸ் கரண்டியால் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகு காரைப் பற்றி அவள் எப்படிப் பேசுவாள்?

சிரிப்பு அடங்கியதும் ஹில்மர் ஒவ்வொருவரையும் உனக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று நேராகவே கேட்டார். "உனக்கு எப்படியோ அப்படி" என்றார் ஸ்டான். "எனக்குன்னு தனியா ஒண்ணும் வேணாம் மச்சான்" என்றார் டெல்பர்ட். பாஸ்டர், மற்றவர்களுக்குச் சரியென்றால் தனக்கும் சரி என்றார். விரலில் சாயத்தை வைத்துக்கொண்டே சொன்னார்கள். இந்த ஜனங்களை என்ன செய்வது?

அந்த வாரம் ஹில்மர் கொட்டகையில் தனியாக ஒரு வேலை செய்தார். குமிழிலிருந்து உள்ளே போன ஒயரைத் துண்டித்தார். பெட்டிக்குப் பின்னால், சுவரோரம், கை நுழையாத சந்தில் வேறொரு புதுக் குமிழை வைத்து முப்பத்தெட்டில் நிறுத்தினார். பழைய குமிழ் பழைய இடத்திலேயே எதனோடும் சேராமல் நின்றது. ஞாயிறு எல்லாரையும் கூப்பிட்டு, "இனிமே ஒளிஞ்சு திருக வேணாம். அவங்கவங்களுக்கு எப்படி வேணுமோ திருகிக்குங்க. திங்கக்கிழம நான் சரி பண்ணிக்கிறேன்" என்றார்.

அன்றிலிருந்து பெட்டி ஒரு சொட்டு வீணாக்கவில்லை. ஸ்டான் கூட்டிவிட்டுக் குடித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆகா, பல்லு கூசுது" என்பார். டெல்பர்ட் குறைத்துவிட்டுத் தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்பார். பாஸ்டர் நடுவில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மூவரும் குடித்தது ஒரே பீர். ஹில்மர் சாசேஜைப் புரட்டிக்கொண்டு மகிழ்ச்சியாக இருந்தார்.

அக்டோபர் கடைசியில் முதல் பனி விழுந்தது. மறுநாள் விடியுமுன் அவர் லாரி ஏற வேண்டும். சாயங்காலம் கொட்டகையில் அவரும் மார்லிஸும் மட்டும் இருந்தார்கள். அவளுடைய கார் வெளியே நின்று வெள்ளையாகிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். தானாக இன்னொரு நாற்காலியை விரித்துப் போட்டாள். பெட்டியிடம் போய்ப் பழைய குமிழை ஒரு பொட்டு இடது பக்கம் திருகினாள். காதை வைத்துக் கேட்டாள், இன்னும் ஒரு பொட்டு திருகினாள். கோப்பையை நிரப்பிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள்.

"இப்ப சரியா இருக்கு ஹில்மர்" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அவர் கேட்டிராத வார்த்தை அது. ஒயர் சமாச்சாரத்தை அவளிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்று காலையில்கூட நினைத்திருந்தார். சொல்லவில்லை. எழுந்து போய், அவளுக்குத் தெரியும்படி, தானும் அந்தப் பழைய குமிழை ஒரு பொட்டு திருகிவிட்டுத் தன் கோப்பையை நிரப்பிக்கொண்டார்.