சாட்சிக்கு வராதவர்களும் எங்கள் அப்பாவும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அவரைப் பற்றி இப்போது நீங்கள் பேசும் புகழ்ச்சியைக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா இங்கே காஜா பேராங் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, துணிக்கடையில் வேலை பார்த்து, பின்னர் கப்பலேறிச் சட்டம் படித்துத் திரும்பினார். கோயில் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, ஆடு வெட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று மேடையில் பேசினார். நீங்களெல்லாம் கைதட்டினீர்கள்.

நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில், மாட்டுவண்டி ஓட்டும் மாரிமுத்து கொலைக் குற்றத்தில் பிடிபட்டார். உஜோங் பாசிர் பகுதியில் ஒருவர் அந்தி வேளையில் வெட்டுப்பட்டு இறந்திருந்தார். முன்தினம் இருவருக்கும் வாய்த்தகராறு. மாரிமுத்துவின் வேட்டியில் இரத்தக் கறை வேறு. தீர்ப்பு பாதகமானால் தூக்கு. அப்பாதான் அவருக்காக வாதாடினார்.

அதே அந்தியில் மாரிமுத்து நகரின் மறுபக்கம் கிளேபாங்கில் இருக்கும் முனீஸ்வரனுக்குக் கிடாய் வெட்டி, வீடு வீடாகக் கறிப்பங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். மேடைக்கு முன்னால் கைதட்டிய நீங்கள்தான் கொல்லைப்புறமாக அதை வாங்கிக்கொண்டீர்கள். சாட்சி சொல்லும்படி அப்பா ஒவ்வொரு வாசலிலும் நின்று கெஞ்சினார்.

"எங்க வீட்ல கறியே சேக்கறதில்ல லாயர் சார்" என்று கதவைச் சாத்தினீர்கள். ஒரு மனிதரின் உயிரைவிட உங்கள் கௌரவம் உங்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

இடிந்துபோய் வந்து உட்கார்ந்த அப்பாவிடம் அம்மா சொன்னார்: "நம்ம வீட்டுக்கும்தான் கொண்டாந்தாரு. பாசார்ல வாங்குனதுன்னு சொல்லி உங்களுக்குப் போட்டேன். நான் வந்து சொல்றேன்."

அம்மா கூண்டேறினார். "அந்தி நேரத்துல வேட்டியெல்லாம் ஆட்டு ரத்தத்தோட எங்க கொல்லையில வந்து நின்னாரு" என்றார்.

"உங்கள் கணவர் பலியை எதிர்த்தவர் ஆயிற்றே?" என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் மடக்கினார்.

"அவரு பேசுவாரு, சமைக்கிறது நானு. அன்னைக்கு ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

கோர்ட்டே சிரித்தது. அப்பா அதைத் தாங்கிக்கொண்டு நின்றார். மாரிமுத்து விடுதலையானார்.

உடனே அப்பாவைக் குழுவிலிருந்து நீக்கினீர்கள். அக்காவின் நிச்சயதார்த்தத்தை முறித்தீர்கள். நெஞ்சுவலியில் அப்பா படுத்திருந்த கடைசி நாள்களில் மாரிமுத்து மட்டுமே வந்து கால் பிடித்துவிட்டார். நீங்கள் எட்டிப்பார்க்கவில்லை. இறந்த பிறகு மாலையோடு வந்தீர்கள். பாடையைத் தூக்க மாரிமுத்து குனிந்தபோது, "ஜெயில்ல கெடந்த ஆளு தொடலாமா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார்.

"அவரு தூக்கட்டும். மத்தவங்க வெலகுங்க" என்றார் அம்மா.

நன்றி சொல்லித்தான் முடிக்க வேண்டும். தோள் கொடுத்த மாரிமுத்துவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. மற்றவர்களை அப்பா மன்னித்துவிட்டுத்தான் போனார். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை.